மைலோ டின் தகடும் இஜிஆர் வால்வும்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய சாலை, அதாவது 59ஆம் எண் கூட்டரசுச் சாலை, வயதான பெட்ரோல் எஞ்சினைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் சோதித்துவிடும். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி, வளைவுகள் நெருங்கும் இடத்தில், மூன்றாவது கியரில் மிதியைப் பாதி அழுத்தி ஏறும்போது போனெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். மிதியை விட்டால் நின்றுவிடும், அழுத்தினால் மறுபடி வரும். நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது. காரணம் கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். 95 ஆக்டேன் பெட்ரோலை விட்டுவிட்டு 97 ஊற்றச் சொல்வார் ஒருவர். பிளக்கை மாற்றச் சொல்வார் இன்னொருவர். ஏற்கெனவே இஜிஆர், அதாவது எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு, அடைக்கப்பட்ட காடி (கார்) என்றால், அந்த அடைப்பைச் சந்தேகப்படுகிறவர் மட்டும் அநேகமாக இருக்க மாட்டார். ஏனென்றால் அடைத்தது 'ரிப்பேர்' என்ற கணக்கில் முடிந்துபோன விஷயம்.

இந்த அடைக்கும் பழக்கம் எப்படித் தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காடி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஐடலில் நடுங்குகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் போமன் (மெக்கானிக்) போனெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்ப்பார். "அண்ணே, இது தேவையில்லாத சாமான். ஐரோப்பாக்காரன் புகைச் சட்டத்துக்காக வச்சது. அடைச்சிட்டா ஜம்முனு ஓடும்." மைலோ டின்னை வெட்டி, கேஸ்கெட் அளவுக்கு ஒரு தகடு செய்து, வால்வுக்கும் மெனிபோல்ட்டுக்கும் நடுவில் சொருகி, இரண்டு போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. ஐடல் உண்மையிலேயே சரியாகிவிடும். அதனால்தான் இந்த வைத்தியம் இத்தனை வருடமாக நிலைத்து நிற்கிறது.

பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. பாதி மிதியில் ஓடும்போது இஜிஆர் உள்ளே விடும் வெந்த புகை, சிலிண்டருக்குள் எரியும் வெப்பத்தைத் தணிக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் எரியாதவை. வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். உச்ச வெப்பம் சுமார் 1,370 டிகிரி செல்சியசைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடு வேகமாக உருவாகும் என்பதால்தான் இதை வைத்தார்கள் என்பது சரி. ஆனால் வைத்த பிறகு, அந்தத் தணிப்பை நம்பித்தான் எஞ்சின்காரர்கள் பாதி மிதியில் இக்னிஷன் அட்வான்ஸை, அதாவது பிளக்கின் பொறியை முன்கூட்டியே விடுவதை, தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். புகையை நிறுத்தினால் அட்வான்ஸ் அப்படியே இருக்கும், தணிப்பு மட்டும் போய்விடும். மேடு ஏறும்போது நாக்கிங். நாக்கிங்கை அடக்க அடுத்த போமன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவார். இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். கடைசியில் "காடி கெழவனாயிடுச்சு, வித்துடு" என்ற தீர்ப்பு வரும். வால்வில் கால் மணி நேரம் செலவழித்துச் சோதித்திருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இருக்காது.

அந்தத் தகட்டுக்கும் ஒரு நல்ல உபயோகம் உண்டு. சோதனைக் கருவியாக அது அருமையான சாமான். ஐடல் நடுக்கத்துக்குக் காரணம் மூடாத இஜிஆர் வால்வா, அல்லது வேறு எங்கோ காற்று ஒழுகுகிறதா என்று சந்தேகம் வந்தால், தகட்டைச் சொருகி எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். நடுக்கம் நின்றால் வால்வு சீட்டில் சரியாக உட்காரவில்லை. நிற்காவிட்டால் இஜிஆரை விட்டுவிட்டு இன்டேக் கேஸ்கெட்டையும் பிரேக் பூஸ்டர் ஓஸையும் தேடுங்கள். பதில் கிடைத்ததும் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். அந்த மெல்லிய தகரம் எக்ஸாஸ்ட் சூட்டில் நாளடைவில் அரித்து ஓட்டையாகும். ஓட்டையான தகடு, பாதி அடைத்த வால்வைவிடக் குழப்பமான அறிகுறிகளைத் தரும்.

கைப் பம்பு பேசும் பாஷை

இங்கே சொல்வது வெக்கும், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசை, கொண்டு இயங்கும் பழைய வால்வுகளைப் பற்றி. எல்லாப் பழைய காடியிலும் இஜிஆர் இருக்காது. ஒரே மாடலிலேயே வருடத்துக்கும் சந்தைக்கும் தகுந்தபடி இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு. குடை மாதிரி வட்டமான இரும்பு மூடி, அதன் மேலே ஒன்று அல்லது இரண்டு சிறிய வெக்கும் ஓஸ், கீழே இன்டேக் மெனிபோல்ட்டோடு இரண்டு போல்ட் அல்லது ஸ்டட். பார்த்ததும் தெரியும்.

எஞ்சின் ஓட்டச் சூட்டுக்கு வரட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்து, ஏர்கோன் அணைத்து, ஐடலில் விடுங்கள். வால்வின் ஓஸைக் கழற்றி, கழற்றிய முனையை ஒரு பழைய போல்ட்டால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஒழுகலே ஐடலைக் கெடுத்து உங்களை ஏமாற்றும். வெக்கும் இழுக்கும் கைப் பம்பின் ஓஸை நேராக வால்வின் முனையில் மாட்டி மெதுவாக இழுங்கள். பல ஜப்பானிய வால்வுகள் 2 அங்குலம் பாதரசத்துக்குக் கீழே மூடியே இருக்கும். 8 அங்குலத்துக்குள் நன்றாகத் திறந்துவிடும். சரியான அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், மேனுவல் இருந்தால் அதைப் பாருங்கள். திறக்கத் தொடங்கியதும் ஐடல் தடுமாற வேண்டும். 10, 15 அங்குலம் இழுத்தால் எஞ்சின் அணைந்தே போகலாம். அணைந்தால் சந்தோஷப்படுங்கள். புகை உள்ளே போகிறது என்று அர்த்தம்.

அடுத்து, 15 அங்குலத்தில் நிறுத்திக்கொண்டு அரை நிமிடம் பம்பின் கேஜ் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கினால் மூடிக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, அதாவது டயாபிரம், கிழிந்திருக்கிறது. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல டொயோட்டா எஞ்சின்களில் வால்வுக்கு முன்னால் மாடுலேட்டர் என்ற வட்டமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். பம்பை அதற்கு முன்னால் மாட்டினால் வெக்கும் எப்படியும் நிற்காது, அதன் வேலையே எக்ஸாஸ்ட் அழுத்தம் போதாதபோது வெக்குமைக் கசியவிடுவதுதான். அமெரிக்க எஞ்சின்கள் சிலவற்றில் அந்தக் கசிவு வால்வுக்குள்ளேயே இருக்கும். எக்ஸாஸ்ட் அழுத்தம் வந்தால்தான் அந்த வால்வு வெக்குமைப் பிடிக்கும். அணைத்த எஞ்சினில் பம்பு மாட்டிப் பார்த்துவிட்டு நல்ல வால்வைக் குப்பையில் போடுவது இப்படித்தான் நடக்கிறது.

பம்பு இல்லாத ஒர்க்‌ஷாப்பில் வாயால் உறிஞ்சுவார்கள். கரி வாய்க்குள் வரும், அளவும் தெரியாது. அதைவிட இன்டேக் மெனிபோல்ட்டில் ஏதாவது ஒரு வெக்கும் முனையிலிருந்து தனி ஓஸ் இழுத்து வால்வில் கொடுத்துவிடலாம். நல்ல எஞ்சின் ஐடலில் 17லிருந்து 20 அங்குலம் இழுக்கும், வால்வைத் திறக்க அது தாராளம். ஒரு எச்சரிக்கை: இந்த எண்கள் தாப்பாவில் சரி, மலைமேல் சரியாக வராது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வெக்கும் குறையும். தாப்பாவில் 18 காட்டும் எஞ்சின் மலைமேலுள்ள தானா ராத்தாவில் 14க்குப் பக்கத்தில் காட்டினால் எஞ்சின் கெட்டுவிட்டது என்று கையைப் பிசைய வேண்டாம்.

ஐடல் அசையவே இல்லையென்றால்

பம்பு வெக்குமைப் பிடிக்கிறது, ஆனால் எஞ்சின் துளிகூடத் தடுமாறவில்லை. மூடியின் அடியில் உள்ள இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பு இழுக்க இழுக்க தண்டு சில மில்லிமீட்டர் மேலேறுவது தெரிய வேண்டும். சூடாக இருக்கும், கையை விடாதீர்கள், ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு போதும். தண்டு ஏறவில்லையென்றால் கரியில் இறுகியிருக்கிறது. தண்டு ஏறியும் எஞ்சின் அசையவில்லையென்றால் வால்வில் குறையே இல்லை. வழி அடைபட்டிருக்கிறது. புது வால்வு வாங்கிப் போட்டாலும் ஒன்றும் மாறாது. மெனிபோல்ட்டுக்குள் புகை போகும் துவாரம் சில எஞ்சின்களில் விரல் நுனி அளவுகூட இருக்காது. கரி அதைச் சுவர்போல மூடியிருக்கும்.

கழற்றுவதற்கு முந்தின நாள் இரவே போல்ட் தலைகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவையுங்கள். பல வருடம் சூட்டில் வெந்த எட்டு மில்லிமீட்டர் ஸ்டட்டுகள் அலுமினிய மெனிபோல்ட்டோடு ஒட்டிப்போயிருக்கும். நீளமான கைப்பிடியைப் போட்டு ஒரே திருகாகத் திருகினால் முறிந்துவிடும். பிறகு டிரில், எக்ஸ்டிராக்டர் என்று அரை நாள் போகும். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று போக வேண்டும்.

வால்வைக் கையில் எடுத்ததும் பலர் செய்யும் தப்பு, அதை அப்படியே கார்பரேட்டர் கிளீனரில் முக்கி வைப்பது. அந்த ரசாயனம் டயாபிரம் ரப்பரைத் தின்றுவிடும். வால்வைத் தலைகீழாக, அதாவது மூடி கீழேயும் சீட் மேலேயும் இருக்கும்படி பிடித்தால் கிளீனர் டயாபிரத்துக்கு ஓடும். அதனால் சீட் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, கரியை உதிர விடுங்கள். இரும்புக் கத்தியால் சீட்டைச் சுரண்டினால் கோடு விழும். அந்தக் கோடு வழியாகப் புகை எப்போதும் ஒழுகும், பழைய ஐடல் நடுக்கம் திரும்பி வந்துவிடும். சுத்தம் செய்தபின் வால்வை மூடிய நிலையில் விட்டு, புகை வரும் துவாரத்தில் ஒரு ரப்பர் ஓஸை அழுத்திப் பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் போகக் கூடாது. பம்பால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊதினால் தடையில்லாமல் போக வேண்டும்.

மெனிபோல்ட் வழிக்கு பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளின் உள் கம்பியை விட நல்ல ஆயுதம் இல்லை. அது கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளின் கம்பி. நுனியைப் பிரித்து விசிறியாக்கி, மறுமுனையை டிரில்லில் பொருத்தி, குறைந்த வேகத்தில் விட்டுவிட்டுச் சுழற்றினால் கரி தூளாக உதிரும். த்ரோட்டல் பாடியைக் கழற்றி, வெக்கும் கிளீனரை எதிர்ப்பக்கம் வைத்து உறிஞ்சிக்கொண்டே செய்யுங்கள். பெரிய கரிக்கட்டி சிலிண்டருக்குள் விழுந்தால் எஞ்சின் வால்வின் சீட்டில் சிக்கிக் கம்ப்ரஷன் போகும். கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும். பழையதில் சீலிகான் தடவுவது இந்தச் சூட்டுக்குத் தாங்காது.

பம்பில் பாஸ், மலையில் பெயில்

வால்வு பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலோர் மேலே சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பம்பு போட்டாயா, எஞ்சின் அணைந்ததா, அப்படியானால் இஜிஆர் நல்லது. என் வாதமே இந்த இடத்தில்தான். பம்பு சோதனை காட்டுவது, திறக்கச் சொன்னால் வால்வு திறக்கும், வழி திறந்திருக்கிறது என்ற இரண்டை மட்டும்தான். ரிங்லெட் ஏறும்போது திறக்கச் சொல்லி யாராவது வால்வுக்குச் சொல்கிறார்களா என்பதை அது சொல்லாது. பழைய காடிகளில், அதிலும் ஹாஃப்கட், அதாவது வெட்டிக் கொண்டுவந்த பழைய காடியின் எஞ்சினை மாற்றியவற்றில், குறை பெரும்பாலும் அந்தக் கட்டளைப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த எஞ்சினில் பத்துப் பன்னிரண்டு வெக்கும் ஓஸ் இருக்கும். மாட்டியவருக்குப் புரியாதது எல்லாம் திருகாணியால் அடைக்கப்பட்டிருக்கும். போனெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் வெக்கும் வரைபடமோ பழைய எஞ்சினுடையது.

இதைக் கண்டுபிடிக்க ஓடும் காடியில்தான் பார்க்க வேண்டும். வால்வுக்குப் போகும் ஓஸை வெட்டி ஒரு டி-முனை போடுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் ஓஸை போனெட் இடுக்கு வழியாகக் கொண்டுவந்து, ஜன்னல் வழியே உள்ளே இழுத்து, வெக்கும் கேஜில் மாட்டுங்கள். ஓஸ் நசுங்காமலும் எக்ஸாஸ்ட்டில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்தவர் முள்ளைப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவரே முள்ளையும் பார்ப்பது அந்தச் சாலையில் வேண்டாத வேலை. ஐடலில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் வெக்கும் எடுக்கும் துவாரம் மூடிய த்ரோட்டல் தட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. மிதியைக் கொஞ்சம் அழுத்தி 50, 60 கிமீ வேகத்தில் ஓடும்போது தட்டு அந்தத் துவாரத்தைத் தாண்டும், முள் எழ வேண்டும். முழுதாக மிதித்தால் மறுபடி கீழே விழும், அது சரிதான். முழு இழுவையில் இஜிஆர் வேண்டியதில்லை.

பாதி மிதியில் முள் எழவில்லையென்றால் ஓஸைப் பின்தொடர்ந்து போக வேண்டும். முதலில் ஓஸ்களே. நம் சூட்டில் ரப்பர் ஓஸின் முனைகள்தான் முதலில் வெடிக்கும், நடுப்பகுதி நன்றாக இருக்கும். முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டினால் பாதிப் பிரச்சினை சில வெள்ளி செலவுகூட இல்லாமல் தீரும். அடுத்து மாடுலேட்டர். அதன் மூடியைத் திறந்தால் ஒரு பஞ்சு ஃபில்டர் இருக்கும், செம்மண் தோட்டச் சாலையில் ஓடிய காடியில் அது செங்கல் நிறத்தில் இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு மூன்று ஓஸ்களையும் கழற்றி, இரண்டு முனைகளை விரலால் அடைத்து மூன்றாவதில் ஊதினால், எஞ்சின் அணைந்த நிலையில் காற்று ஃபில்டர் பக்கம் சுலபமாகப் போக வேண்டும். எஞ்சினை 2,500 சுற்றில் வைத்து ஊதினால் பலமான எதிர்ப்பு இருக்க வேண்டும். எதிர்ப்பு இல்லையென்றால் எக்ஸாஸ்ட் அழுத்தம் மாடுலேட்டரின் அடியை எட்டவில்லை. டயாபிரம் போயிருக்கலாம், அல்லது அழுத்தம் வரும் குழாய் கரியால் அடைபட்டிருக்கலாம்.

அதற்கும் அப்பால் இருப்பது தெர்மோ வால்வு, கூலன்ட் ஓடும் இடத்தில் முறுக்கியிருக்கும் பிளாஸ்டிக் தலை கொண்ட சாமான். எஞ்சின் குளிராக இருக்கும்போது இஜிஆரைத் தடுப்பது அதன் பொறுப்பு. இங்கேதான் நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. "சூட்டு நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றி வீசிய காடிகள் ஆயிரம் ஓடுகின்றன. 82 டிகிரியில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் இல்லையென்றால், தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். காலையில் பீடோரிலிருந்து தாப்பாவுக்கு டிரங்க் ரோட்டில் காற்றடிக்க ஓடும் காடியின் கூலன்ட், தெர்மோ வால்வு திறக்கும் சூட்டைத் தொடாமலே இருக்கலாம். வெக்கும் கேஜ் முள் அசையாது. மலையேறிப் பாரம் கூடி எஞ்சின் சூடானதும் முள் எழும். சமதரையில் எழாத முள் மேட்டில் எழுந்தால், வால்வையும் ஓஸையும் விட்டுவிட்டு தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள், உள்ளே பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். தெர்மோ வால்வையே சந்தேகப்பட்டால் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுச் சூடாக்கி, ஓஸில் ஊதிப் பார்க்கலாம். குளிரில் ஒரு விதமாகவும் சூட்டில் வேறு விதமாகவும் நடந்துகொள்ள வேண்டும். எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் செத்த சாமான்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் எஞ்சினுக்குச் சொன்ன 'அணைந்தால் நல்லது' என்ற விதி ஹைலக்ஸுக்கும் டிரைட்டனுக்கும் பொருந்தாது. டீசல் ஐடலில் தேவைக்கு மிஞ்சிய காற்றோடு ஓடுவதால், வால்வை முழுதாகத் திறந்தாலும் சத்தம் சற்று மாறும், புகை கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். அணையவில்லையே, அடைபட்டிருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். அங்கே வால்வைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதுதான் சரியான சோதனை. கரியோடு பிரீதர் வழியாக வரும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தார் மாதிரிக் குழம்பாகியிருக்கும். மின்சார மோட்டாரில் இயங்கும் வால்வானால் கைப் பம்புக்கு அங்கே வேலையில்லை. ஸ்கேனரில் திறப்பு அளவைக் கட்டளையிட்டு, பொசிஷன் சென்சார் அதே அளவைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வால்வு, வழி, ஓஸ், தெர்மோஸ்டாட் எல்லாம் சரியாகி, கேஜ் முள்ளும் ஒழுங்காக எழுந்தபிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய ஒர்க்‌ஷாப்பில் போட்ட ஒட்டுகளை அவிழ்க்க வேண்டும். ஒழுகும் வால்வை மறைக்க யாராவது ஐடல் ஸ்குரூவை ஏற்றி வைத்திருப்பார்கள், அதை ஸ்டிக்கரில் உள்ள சுற்றுக்கு இறக்குங்கள். பிறகு டைமிங் லைட்டை எடுத்து, நாக்கிங்குக்காகப் பின்னுக்குத் தள்ளிய டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 4ஏ-எஃப்இ மாதிரியான டொயோட்டா எஞ்சினில் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, ஐடலில் 10 டிகிரியில் நிறுத்த வேண்டும். இணைக்காமல் பார்த்தால் கணினி தன் இஷ்டத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கும், காட்டும் எண் பொய். முடிந்ததும் வயரை எடுக்க மறக்க வேண்டாம். பிறகு அதே லாத்தா இஸ்கண்டார் மேட்டில், அதே மூன்றாவது கியரில், அதே பாதி மிதியில் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் நாக்கிங் கேட்டால் காரணம் பெட்ரோலிலோ, சிலிண்டருக்குள் படிந்த கரியிலோ, தப்பான ஹீட் ரேஞ்ச் பிளக்கிலோ இருக்கிறது. 97ஐ ஊற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.